மஞ்சள் பலகையில் 35, வண்டி போனது 45: இதற்கு டிக்கெட் உண்டா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஒரு இரண்டு வழிச் சாலை. வேக வரம்பு மணிக்கு 55 மைல். வளைவு வருவதற்கு முன்னால் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகையில் வளைந்த அம்புக்குறி, அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு மஞ்சள் பலகையில் 35. கேட்டவர் அந்த வளைவை 45-இல் எடுத்திருக்கிறார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாலேயே போலீஸ் வண்டி வந்துகொண்டிருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "நிறுத்தியிருந்தால் 10 மைல் அதிகம் என்று டிக்கெட் எழுதியிருக்க முடியுமா? முடியாது என்றால் அந்தப் பலகையை எதற்கு வைத்திருக்கிறார்கள்?"

பொதுவாக 35-ஐத் தாண்டியதற்காக என்று எழுத முடியாது. ஆனால் அந்த வளைவில் உங்கள் வேகத்துக்காக டிக்கெட்டே எழுத முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டுதான் பலர் நீதிமன்றத்தில் போய் மூக்குடைபடுகிறார்கள்.

முதலில் நிறம். அமெரிக்காவில் சட்டப்படியான வேக வரம்பு வெள்ளைச் செவ்வகத்தில் கறுப்பு எழுத்தில் இருக்கும். மஞ்சள் எல்லாம் எச்சரிக்கை. நாடு முழுக்கச் சாலைப் பலகைகளுக்கு இலக்கணமாக இருக்கும் கூட்டாட்சிக் கையேடு 1935-இல் முதலில் வந்தது, 11-ஆவது பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அந்தக் கையேட்டின்படி மஞ்சள் வேகப் பலகை எச்சரிக்கைப் பலகைக்குத் துணையாக வருவது. அதை மட்டும் தனியாக ஒரு கம்பத்தில் மாட்டக்கூடாது. மேலே இருக்கும் அம்புக்குறி "வளைவு வருகிறது" என்கிறது, கீழே இருக்கும் எண் "இந்த வேகத்தில் எடுத்தால் நல்லது" என்கிறது. கட்டளை இல்லை, ஆலோசனை. சாலை வேலை நடக்கும் இடங்களில் இதே பலகை ஆரஞ்சு நிறத்தில் வரும், அதுவும் ஆலோசனைதான். ஆனால் அதே இடத்தில் வெள்ளைப் பலகையில் ஒரு எண் இருந்தால் அது சட்டம். பல மாநிலங்களில் அங்கே அபராதம் இரட்டிப்பு. அதனால் அங்கே நிறத்தைக் கொஞ்சம் கவனமாகவே பாருங்கள்.

சரி, அப்படியானால் போலீஸ்காரர் கையில் என்ன இருக்கிறது? "அடிப்படை வேக விதி" என்று ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் 22350-ஆவது பிரிவு. வானிலை, பார்வைத் தூரம், போக்குவரத்து, சாலையின் மேற்பரப்பு, அகலம் இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு நியாயமானது எதுவோ அதைவிட வேகமாக ஓட்டக்கூடாது என்கிறது அது. பலகையில் என்ன எண் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. டெக்சாஸில் 545.351 என்ற பிரிவு இன்னும் நேராக வருகிறது: வளைவை நெருங்கும்போதும் அதைச் சுற்றிப் போகும்போதும் ஓட்டுநர் தகுந்தபடி வேகத்தைக் குறைக்க வேண்டும். வேறு பல மாநிலங்களிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். ஆக வெள்ளைப் பலகை 55 என்று சொன்னாலும், அந்த வளைவில் 50 என்பது சட்டமீறலாக இருக்க முடியும். மஞ்சள் பலகையே இல்லாத வளைவிலும் அப்படித்தான்.

மஞ்சள் பலகை சாட்சி சொல்ல வருவது இந்த இடத்தில்தான். "சாலையைப் பராமரிக்கும் துறை இந்த வளைவை அளந்து பார்த்து 35 என்று எழுதி வைத்திருக்கிறது. ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 50-இல் வந்தார்" என்று போலீஸ்காரர் சொல்லலாம். குற்றம் என்பது பாதுகாப்பற்ற வேகம், 35 அதற்கான ஆதாரங்களில் ஒன்று. நீதிபதி அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். நடுக்கோட்டைத் தாண்டினீர்களா, டயர் கிறீச்சிட்டதா, பாதி வளைவில் திடீரென்று பிரேக் போட்டீர்களா, சாலை ஈரமாக இருந்ததா என்பதெல்லாம் அப்போது கூடவே வரும். தடத்தை விட்டு நகராமல், காய்ந்த சாலையில், பகல் வெளிச்சத்தில் 45-இல் போன ஒருவர் மேல் இந்தப் பிரிவில் வழக்குப் போட்டு நிற்க வைப்பது லேசான வேலை இல்லை. உங்களுக்குப் பின்னால் வந்தவர் பேசாமல் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அவருக்கு ஷிப்ட் முடிகிற நேரமாக இருந்திருக்கலாம்.

வளைவில் வேகத்தை அளப்பதே ஒரு தொல்லை. ரேடார் துப்பாக்கி தன்னை நோக்கி நேராக வரும் வேகத்தைத்தான் சரியாகக் காட்டும். வண்டி ஒரு கோணத்தில் கடந்து போனால் அந்தக் கோணத்தின் அளவுக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். 10 பாகைக்கு ஒன்றரை சதவீதம்தான் குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 20 பாகைக்கு 6 சதவீதம், அப்போது 45 என்பது 42 என்று தெரியும். 30 பாகை என்றால் 39. நின்ற இடத்திலிருந்து அளக்கும்போது இந்தப் பிழை எப்போதும் ஓட்டுநருக்குச் சாதகமாகவே இருக்கும். வளைவுக்குள் வண்டியின் திசை நொடிக்கு நொடி மாறுவதால் எண்ணும் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் வேகம் பிடிக்க நிற்பவர்கள் பெரும்பாலும் நேரான பகுதியைத் தேடித்தான் நிற்பார்கள்.

வளைவு வேகத்துக்கான டிக்கெட் அதிகம் எழுதப்படுவது விபத்துக்குப் பிறகு. வண்டி பள்ளத்தில் கிடக்கும், ஓட்டுநர் சாலையோரம் உட்கார்ந்திருப்பார், "சூழ்நிலைக்கு மீறிய வேகம்" என்று சீட்டு எழுதப்படும். ரேடார் எதற்கு, சாலையே எழுதி வைத்திருக்கும். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே உருளும் டயர், சறுக்குத் தடத்தைப் போல நேராக இல்லாமல், வளைந்த கறுப்புத் தடம் ஒன்றை விட்டுப் போகும். கிட்டத்தில் குனிந்து பார்த்தால் அதில் மெல்லிய கீற்றுகள் குறுக்காக ஓடுவது தெரியும். விசாரணைக்கு வருபவர் அந்தத் தடத்தின் மேல் 60 அடிக்கு ஒரு நாடாவை நாண் போல இழுத்துப் பிடிப்பார். நாடாவின் நடுவிலிருந்து தடத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று அளப்பார். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அளவிலிருந்து வண்டி போன பாதையின் ஆரம் சுமார் 300 அடி என்று வந்துவிடும். காய்ந்த தாரில் டயரின் பிடிப்பு 0.7, அதாவது வண்டியின் எடையில் 0.7 பங்கு பக்கவாட்டு விசையை டயர் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் வேகம் மணிக்கு 56 மைல். பக்கத்துக் கம்பத்தில் 35 என்ற மஞ்சள் பலகை நிற்கும்போது அந்த 56-ஐ விளக்குவது கஷ்டம். காப்பீட்டு நிறுவனமும் எதிர்த்தரப்பு வக்கீலும் முதலில் படம் எடுப்பது அந்தப் பலகையைத்தான்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. அந்த 35 எங்கிருந்து வந்தது?

பலரும் நினைப்பது போல வண்டி கவிழும் வேகத்தைக் கண்டுபிடித்து அதில் பாதியை எழுதுவதில்லை. நான் சில வருடம் இந்த அளவெடுப்பில் இருந்திருக்கிறேன். கருவி மிக எளிமையானது. கொத்தனார் கையில் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கொஞ்சம் வளைத்து, உள்ளே குமிழிக்குப் பதிலாக ஒரு எஃகுக் குண்டைப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் திரவம், திரவத்துக்குள் குண்டு, பின்னால் பாகைக் கோடுகள். அதைக் காரின் டாஷ்போர்டில் சமமாகப் பொருத்துவோம். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் குண்டைப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் பெரும்பாலும் எண் சொல்கிறவன்.

முதல் சுற்று 25 மைலில். குண்டு சோம்பலாக அசையும், அவ்வளவுதான். அடுத்து 30. குண்டு வெளிப்பக்கமாக நகர்ந்து எட்டுப் பாகையில் நிற்கும். 35-இல் பன்னிரண்டு. அந்த இடத்தில் உடம்பு லேசாகக் கதவுப் பக்கம் சாயும், மடியில் இருக்கும் காகிதத்தைக் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். 40-இல் பதினேழு. முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் எண்ணைப் படிக்க முடியும். அப்புறம் வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் இதே வேலை. 2009-ஆம் ஆண்டுக் கையேட்டின் அளவுகோலின்படி 35 மைலுக்கும் அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கும் குண்டு 12 பாகையைத் தாண்டக்கூடாது. 25, 30-க்கு 14. 20-க்கும் அதற்குக் கீழும் 16. ஆக இந்த வளைவுக்கு 35. அளவீடுகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம், பலகை பிறகு வரும். இன்றைக்குக் குண்டுக்குப் பதிலாக முடுக்கமானி வைத்தும் அளக்கிறார்கள், ஆரத்தையும் சாய்வையும் வைத்துக் கணக்குப் போட்டும் எடுக்கிறார்கள். மூன்றையும் கையேடு ஏற்கிறது. எப்படி எடுத்தாலும் அளந்து பார்க்காமல் எண் எழுதக்கூடாது என்பது விதி.

அதாவது அந்த எண் அளப்பது உட்கார்ந்திருப்பவரின் சௌகரியத்தை. டயர் எப்போது பிடியை விடும் என்பதை அது அளக்கவில்லை. இதற்கு முந்தைய அளவுகோல் 10, 12, 14 என்று இன்னும் இறுக்கமாக இருந்தது. பழங்காலக் காரும் பழங்கால டயரும் தந்த சௌகரியத்திலிருந்து வந்த அளவு அது. இன்றைய காரில் போகிறவர்களுக்கு அது அபத்தமாகப் பட்டது, யாரும் மதிக்கவில்லை. 2009-இல் இரண்டு பாகை தளர்த்தினார்கள். கூடவே, வேக வரம்புக்கும் ஆலோசனை வேகத்துக்கும் 10 மைல் வித்தியாசம் வந்தால் பலகை கட்டாயம், 5 மைல் என்றால் வைப்பது நல்லது என்று ஒழுங்குபடுத்தினார்கள். பழையதை மாற்றிச் சரிசெய்ய 2019 இறுதி வரை அவகாசம் இருந்தது. ஆனால் ஒரு துறை ஒழுங்காக அளக்கும், இன்னொன்று பழைய எண்ணையே புதுப் பலகையில் எழுதி மாட்டும். அதனால்தான் ஒரு 35 வளைவை 50-இல் அலட்சியமாக எடுத்த ஆள், அடுத்த ஊர் எல்லையில் இன்னொரு 35 வளைவில் வியர்த்துப் போகிறார். என்னைக் கேட்டால், இந்தப் பலகைகளின் பெரிய குறை இந்த ஒழுங்கின்மைதான். "எப்படியும் பலகையைவிடப் பதினைந்து கூடப் போகலாம்" என்று மனக்கணக்கு வைத்திருப்பவர்களை உண்டாக்கியதும் இதுதான்.

அந்த மனக்கணக்கு ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வளைவின் ஆரம் 330 அடி, சாலையின் வெளி ஓரம் 7 சதவீதம் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது என்று வைப்போம். வேகத்தின் இருமடியை, அதாவது 35-ஐ 35-ஆல் பெருக்கியதை, ஆரத்தின் 15 மடங்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.25. வண்டியைத் திருப்ப அதன் எடையில் கால் பங்கு பக்கவாட்டு விசை வேண்டும் என்று அர்த்தம். அதில் 0.07-ஐச் சாலையின் சாய்வே பார்த்துக்கொள்ளும். மீதி 0.18-ஐ டயர் பிடித்துத் தர வேண்டும். 45-இல் போனால் டயரிடம் கேட்பது 0.34. பத்தே மைல் கூடியதற்கு, டயர் செய்ய வேண்டிய வேலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 55-இல் 0.54. தேவை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, சாய்வு தரும் உதவி மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் இந்தப் பாய்ச்சல்.

நல்ல டயர், காய்ந்த தார், 0.7 வரை பிடிப்பு உண்டு. அதனால் உங்கள் 45 ஒன்றும் செய்யவில்லை, 55-கூட ஒருவேளை தப்பித்திருக்கும். அதே வளைவில் மழை பெய்து, டயரும் தேய்ந்திருந்தால் பிடிப்பு 0.3, 0.4 என்று இறங்கிவிடும். அப்போது 45 என்பது விளிம்பு. அந்த நேரத்தில் பிரேக்கையும் மிதித்தால், அந்தக் கொஞ்சப் பிடிப்பையும் நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியதாகிறது. காரோட்டிகள் "திடீரென்று வழுக்கிவிட்டது" என்பது பெரும்பாலும் இதைத்தான். அந்தப் பங்கீடு அவர்கள் பிரேக்கில் கால் வைத்தபோதே தொடங்கிவிட்டது.

லாரிக்காரர்களின் கதை வேறு. சுமை ஏற்றிய டேங்கர் லாரி வழுக்குவதற்கு முன்னாலேயே கவிழ்ந்துவிடும். அதன் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கிறது, உள்ளே திரவம் வேறு வெளிப்பக்கமாக அலையடிக்கிறது. புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய பக்கவாட்டு விசை வந்தாலே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் தொடங்கலாம். மேலே சொன்ன வளைவில் 45-இல் வருவது 0.34. அதே சாலை, அதே வேகம், காரில் போன உங்களுக்கு ஒன்றும் இல்லை, பின்னால் வந்த டேங்கர் பக்கவாட்டில் படுத்துவிடக்கூடும். அமெரிக்க வணிக வாகன ஓட்டுநர் கையேடு டேங்கர் ஓட்டுகிறவர்களிடம் வளைவில் பலகையில் எழுதியிருப்பதைவிட நன்றாகக் குறைத்தே போகச் சொல்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சுழல் பாதைகளில் கவிழும் லாரியின் மஞ்சள் படம் தனியாக நிற்பதும் இதற்காகத்தான். அங்கே அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் எண்ணோடு பேரம் பேசக்கூடாது.

அப்படியானால் எல்லா வளைவுக்கும் சட்டப்படி வரம்பே வைத்துவிடலாமே என்று அடுத்துக் கேட்பார்கள். வைக்கலாம், சில இடங்களில் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே எண் காய்ந்த பகலில் போகிற காருக்கு ஏளனமாகவும், மழை இரவில் வருகிற டேங்கருக்கு ஆபத்தாகவும் இருக்கும். சட்ட வரம்பு வைக்க அதற்கென்று ஆய்வு, உத்தரவு எல்லாம் வேண்டும். வளைந்து வளைந்து போகும் சாலையில் இருநூறு அடிக்கு ஒரு வரம்பு என்றால் அதை அமல்படுத்த யாரை நிறுத்துவது? எல்லோரும் மீறுகிற வரம்பு, அதற்கு அடுத்து நிற்கிற உண்மையான வரம்பின் மரியாதையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கில், உயிர்ப்பலி விபத்துகளில் கால் பங்குக்கு மேல் வளைவுகளோடு தொடர்புடையவை, வளைவுகளில் விபத்து விகிதம் மற்ற பகுதிகளைப்போல சுமார் மூன்று மடங்கு. ஆக வளைவை அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. என் கருத்தில், காசை அபராத வசூலில் போடுவதைவிட வளைவின் வெளி ஓரத்தில் நிற்கும் அம்புமுனைப் பலகைகளிலும், சொரசொரப்பான மேற்பரப்பிலும், வருகிறவரின் வேகத்தை அவருக்கே காட்டும் மின்பலகையிலும் போடுவது புத்திசாலித்தனம். அம்புமுனைகள் வரிசையாக நின்றால் ராத்திரியில் வளைவு எவ்வளவு கூர்மை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும், எண்ணை நம்ப வேண்டிய அவசியம் குறையும்.

மற்ற நாடுகளையும் கொஞ்சம் பார்ப்போம். நியூசிலாந்தில் ஒரு நல்ல தந்திரம்: ஆலோசனை வேகம் எல்லாம் 5-இல் முடியும், 25, 35, 65 என்று. சட்ட வரம்புகள் 10-இன் மடங்குகள். எண்ணைப் பார்த்தாலே இது கட்டளையா ஆலோசனையா என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குக் கீழே ஒரு செவ்வகத்தில் அதிகபட்ச வேகம் என்று எழுதியிருக்கும், சிவப்பு வட்டம் இருக்காது. வட்டம் இல்லையென்றால் அது வரம்பு இல்லை.

வளைவோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஜெர்மனியின் ஆட்டோபான் இந்த விஷயத்துக்கு நல்ல உதாரணம். அங்கே வரம்பில்லாத பகுதிகளில் மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை, 1978-இன் ஆணைப்படி. 180-இல் போனாலும் அதற்காக அபராதம் கிடையாது. ஆனால் 1992-இல் அந்த நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது இது: 130-ஐத் தாண்டிப் போய் விபத்தில் சிக்கியவர், தன்மேல் வேறு தவறே இல்லாவிட்டாலும், 130-இல் வந்திருந்தாலும் இதே அளவு சேதம் ஆகியிருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் இழப்பில் ஒரு பங்கை அவரும் ஏற்க வேண்டும். பரிந்துரைதானே என்று தாண்டலாம், தாண்டியதற்கான பொறுப்பு கூடவே வரும். அமெரிக்க மஞ்சள் பலகையும் இழப்பீட்டு வழக்கில் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது, வேறு சட்ட வழியில்.

கடைசியாக, நாளைக்கே அப்படி ஒரு டிக்கெட் கையில் வந்தால் முதலில் அதில் எழுதியிருக்கும் பிரிவு எண்ணைப் பாருங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். "35 வரம்பு உள்ள இடத்தில் 45" என்று வரம்புமீறல் பிரிவில் எழுதியிருந்தால், அந்த இடத்துக்கான வெள்ளைப் பலகை 55 என்று நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் வழக்கு நிற்பது கடினம். பிரிவு எண் அடிப்படை வேக விதியினுடையது என்றால் வெள்ளைப் பலகையின் படம் மட்டும் போதாது. அன்றைக்குச் சாலை காய்ந்திருந்ததா, எதிரே வண்டி வந்ததா, நீங்கள் தடத்துக்குள்ளேயே இருந்தீர்களா, டயரின் நிலை என்ன என்று சொல்லத் தெரிய வேண்டும். டேஷ்கேம் இருந்தால் பதிவு அழிந்துபோவதற்குள் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறும் என்பதால் பிரிவை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு உள்ளூர் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.